ஜெர்மனிக்குப் புதுசா வர்றீங்களா? சிம், ரயில் டிக்கெட், வீட்டு நெட்: மியூனிக்ல எங்க அனுபவம்

வேலை கிடைச்சு மியூனிக் வர்றவங்க விசா, வாடகை பத்தி நிறைய கேக்குறாங்க, போன், போக்குவரத்தெல்லாம் வந்து பாத்துக்கலாம்னு விட்டுடுறாங்க. ஆனா இங்க பேங்க், வீட்டுக்காரர்னு யார்கிட்ட போனாலும் ஜெர்மன் நம்பர் இருக்கான்னுதான் முதல்ல கேட்டாங்க, அதனால சிம்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆல்டி டாக், லிடில் கனெக்ட் மாதிரி ப்ரீபெய்டு சிம் சூப்பர் மார்க்கெட்லயே கிடைக்கும். வாங்குறது ஈஸி, ஆக்டிவேட் பண்றதுலதான் வேலை இருக்கு. 2017லேர்ந்து ப்ரீபெய்டுக்கும் அடையாளச் சோதனை கட்டாயம், வீடியோ கால்ல பாஸ்போர்ட்டைக் காட்டணும், இப்படிச் சாய்ங்க அப்படிச் சாய்ங்கன்னு சொல்லிட்டே இருப்பாங்க. எங்களுக்கு ஹோட்டல் வைஃபை பாதியில கட் ஆகிட்டே இருந்துச்சு, பாஸ்போர்ட் மேல லைட் அடிச்சு எழுத்தும் தெரியல. அப்புறம் போஸ்ட் ஆபீஸ் வழியா பண்ற ஆப்ஷனை எடுத்தோம், சிம் கம்பெனி தர்ற கூப்பனோட பாஸ்போர்ட்டை கவுண்ட்டர்ல குடுத்தா நேர்லயே பாத்து முடிச்சுடுறாங்க. இப்ப யார் கேட்டாலும் நேரா அங்கயே போங்கன்னுதான் சொல்றேன். அந்த சிம்மை வச்சே பக்கத்து ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குப் போனாலும் தனியா ரோமிங் காசு கிடையாது.

ரயில், பஸ்ஸுக்கெல்லாம் டாய்ச்லாண்ட் டிக்கெட்னு ஒரு மாசப் பாஸ் போதும். 2023 மே மாசம் 49 யூரோவுக்கு வந்தது, 2025ல 58 ஆச்சு, 2026லேர்ந்து 63. விலை ஏறினாலும் எங்களுக்கு இது பெரிய வரம், எஸ்-பான் (புறநகர் ரயில்), யூ-பான் (மெட்ரோ), டிராம், பஸ், நாடு முழுக்க ஓடுற ரீஜனல் ரயில் எல்லாம் இதுல அடக்கம், லீவு நாள்ல ஆஸ்திரியாவுல இருக்குற சால்ஸ்பர்க் வரைக்கும்கூட இதுலயே போயிட்டு வர்றோம். ஐசிஇ, ஐசி மாதிரி வேக ரயில்ல மட்டும் செல்லாது. இது மாசச் சந்தா, நிறுத்தணும்னா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள சொல்லணும், இல்லேன்னா அடுத்த மாசக் காசும் போயிடும். டிக்கெட் உங்க பேர்ல இருக்கும், செக்கிங்ல அடையாள அட்டை கேப்பாங்க. டிக்கெட் இல்லாம மாட்டினா 60 யூரோ. இன்னொண்ணு, ஏர்போர்ட் போற எஸ்1 ரயில் நாய்ஃபார்ன் ஸ்டேஷன்ல ரெண்டாப் பிரியும், ஒரு பாதி ஏர்போர்ட்டுக்கும் இன்னொரு பாதி ஃப்ரைசிங் ஊருக்கும் போயிடும். ரயில் பெட்டிக்கு வெளியில இருக்குற போர்டைப் பாத்துட்டு ஏறுங்க. பெட்டி படுக்கையோட போறப்போ எஸ்8 நிம்மதி, அது பிரியாது.

எங்களை ரொம்ப அலைய வச்சது வீட்டு நெட்தான், அதுக்குக் காரணம் பேரு. என் பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல அப்பா பேரு, மனைவி பாஸ்போர்ட்ல என் பேரு. ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடத்தைப் பாத்துக்கிறவர், தபால் பெட்டியிலயும் காலிங் பெல்லுலயும் எங்கப்பா பேரை மட்டும் ஒட்டிட்டுப் போயிட்டார். இங்க பெட்டியில பேரு இல்லேன்னா தபால் திரும்பிப் போயிடும். மனைவியோட பேங்க் கார்டு அப்படித்தான் திரும்பிப் போச்சு. நெட் கனெக்‌ஷன் அவங்க பேர்ல போட்டிருந்தோம், டெக்னீஷியன் வந்து பெல் போர்டுல அந்தப் பேரைத் தேடிட்டு, ஆள் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டார், நாங்க காலையிலேர்ந்து வீட்டுலயேதான் உக்காந்திருந்தோம்! அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வர்ற வரைக்கும் ஹோம் ஆபீஸ், ஊருக்கு வீடியோ கால் எல்லாமே ப்ரீபெய்டு ஹாட்ஸ்பாட்லதான் ஓடுச்சு, டேட்டா தீரத் தீர ரீசார்ஜ். அன்னைக்கு மனைவி முகத்தைப் பாக்கவே எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, புது ஊர்ல அவளுக்குன்னு இருந்த ஒரே துணை அந்த போன் கால்தான்.

அதனால சாவி வாங்குற அன்னைக்கே ரெண்டு பேர் சர்நேமையும் பாஸ்போர்ட்ல இருக்குற ஸ்பெல்லிங்லயே பெட்டியிலயும் பெல்லுலயும் ஒட்டச் சொல்லுங்க, முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பேப்பரையும் அன்னைக்கே கேட்டு வாங்குங்க, குடி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள பதியணும். நெட் கான்ட்ராக்ட் பெரும்பாலும் 24 மாசம், அது முடிஞ்சு தானா நீண்டா 2021 டிசம்பர்லேர்ந்து ஒரு மாச நோட்டீஸ்ல நிறுத்திக்கலாம். கார் ஓட்டணும்னா நம்ம இந்திய லைசன்ஸ் இங்க குடியேறி 6 மாசம் வரைக்கும்தான் செல்லும், அப்புறம் தியரி, பிராக்டிக்கல் ரெண்டு டெஸ்ட்டும் எழுதி ஓட்டித்தான் ஆகணும். தியரியை இங்கிலீஷ்லயே எழுதலாம், டிரைவிங் ஸ்கூல்ல மட்டும் சீக்கிரமே பேரைக் குடுத்து வைங்க.