360-ஆ, 420-ஆ? முதலில் டேப்பை எடுங்கள்

கணினி புராசஸரின் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, ஃபேன் பொருத்திய ரேடியேட்டர் வழியாக வெளியேற்றும் லிக்விட் கூலரைக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் புராசஸரின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அசெம்பிள் செய்பவர் திருப்பிக் கேட்பது கேபினெட்டின் பெயரை. ஐ9-14900கே ஆனாலும் ரைசன் 9 7950எக்ஸ் ஆனாலும், ரேடியேட்டர் உள்ளே உட்காருமா என்று முடிவு செய்வது அந்தத் தகரப் பெட்டிதான்.

360 என்பது மூன்று 120 மி.மீ. ஃபேன்களின் கணக்கு மட்டும். ரேடியேட்டரின் இரு முனைகளிலும் உள்ள தண்ணீர்த் தொட்டிகளையும் சேர்த்தால் நீளம் 400 மி.மீ.யைத் தொடும். மூன்று 140 மி.மீ. ஃபேன்கள் கொண்ட 420-க்கு ஏறக்குறைய 460. ஆனால் பலரைக் கவிழ்ப்பது நீளமல்ல, தடிமன். வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., அதன்மேல் ஃபேன் 25, ஆக 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் III என்ற கூலரில் ரேடியேட்டரே 38, ஃபேனோடு 63. ‘மேலே 360 பொருந்தும்’ என்று கேபினெட் அட்டையில் போட்டிருப்பது நீளத்துக்குச் சொன்னது. கூரைக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் நடுவே 55 மி.மீ. இருந்தால் 52 நுழையும், 63 விஆர்எம் ஹீட்சிங்கில் (புராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியின் சூட்டைத் தணிக்கும் உலோகக் கட்டி) இடிக்கும். 420-இன் அகலம் 140 என்பதால் அது ரேம் பக்கம் இன்னும் 20 மி.மீ. நீண்டு வரும், உயரமான ரேம் வாங்கியிருந்தால் அங்கேயே தகராறு.

பரப்பையும் பெருக்கிப் பாருங்கள். 240-க்கு (இரண்டு 120 ஃபேன்) 288 சதுர செ.மீ., 280-க்கு (இரண்டு 140 ஃபேன்) 392, 360-க்கு 432, 420-க்கு 588. 280-க்கும் 360-க்கும் ஏறக்குறைய பத்து சதவீதம்தான் வித்தியாசம். 360 நுழையாத பெட்டியில் 280 நுழைந்தால் கவலைப்படாமல் போடலாம். கடைகளில் 280 அவ்வளவாக விற்பதில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய ரேடியேட்டர் வாங்கினால் டிகிரி குறையும் என்ற நம்பிக்கைதான் இந்த வேலையில் அதிகம் திருத்த வேண்டியிருக்கும் ஒன்று. 7950எக்ஸில் இரண்டு கோர் சில்லுகள்; ஏறக்குறைய 70 சதுர மி.மீ. கொண்ட ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டு கோர்கள் அடைந்து கிடக்கின்றன. வெப்பம் அந்தச் சில்லிலிருந்து புராசஸரின் உலோக மூடியைத் தாண்டிக் கூலரின் செப்புத் தட்டுக்கு வருவதற்குள்தான் நெரிசல். தண்ணீருக்கு வந்தபின் பாதை அகலம். அதனால் 230 வாட் இழுக்கும்போது 360 போட்டாலும் அது 95 டிகிரியை எட்டலாம். அது அந்தச் சில்லுக்கு வகுத்த எல்லையே, கோளாறு அல்ல. 14900கே-யின் சில்லு பெரிது, 253 வாட் வரம்பில் வைத்தால் நல்ல 360 சமாளிக்கும். மதர்போர்டு அந்த வரம்பை 4096 வாட் என்று திறந்துவிட்டிருந்தால் எந்தக் கூலரும் போதாது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அந்த எண்ணைப் பார்க்காமல் கூலரைத் திட்டக்கூடாது. கேமில் பெரும்பாலும் 90 வாட்டைத் தாண்டாத ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 420 போடுவது மலையைக் கல்லி எலியைப் பிடிக்கும் வேலை.

அப்படியானால் பெரிய ரேடியேட்டர் எதற்கு? ஃபேன் மெதுவாகச் சுற்றவும், வீடியோ ரெண்டர் போன்ற நெடுநேர வேலையில் தண்ணீர் சூடேறாமல் இருக்கவும். தண்ணீர் முழுச் சூட்டுக்கு வர இருபது நிமிடம்கூட ஆகும். ஐந்து நிமிடச் சோதனையில் 240-ம் 420-ம் ஒன்றுபோலவே தெரியும். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். அறை வெப்பமும் முக்கியம். வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20-லிருந்து 23 டிகிரி அறையில் நடப்பவை. சித்திரையில் ஏசி இல்லாத சென்னை அறை 35. அந்தப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து டிகிரி அப்படியே புராசஸரின் கணக்கில் ஏறும்.

எங்கே மாட்டுவது? மேலே, காற்று வெளியே போகும்படி. 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கிராஃபிக்ஸ் கார்டு கீழே இருந்தால் அதன் சூடு ரேடியேட்டர் வழியாகவே வெளியேறும்; புராசஸர் சில டிகிரி கூடும், பரவாயில்லை. முன்பக்கம் மாட்டுவதென்றால் குழாய்கள் கீழே வரட்டும், ரேடியேட்டரின் உச்சி தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக்கு மேலே இருக்கட்டும். காற்றுக் குமிழி எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். அந்த உயரமான இடம் பம்பாக இருந்தால் களகள சத்தம், பிறகு பம்பே போகும். கேபினெட்டின் அடியில் மட்டும் ரேடியேட்டரை வைக்காதீர்கள்.

மாட்டும்போது ஒரு வரிசை உண்டு. ரேடியேட்டரைக் கூரையில் ஏற்றுவதற்கு முன் எட்டு பின் சிபியு பவர் ஒயரைச் சொருகிவிடுங்கள். பிறகு அந்த மூலைக்கு விரல் போகாது. ரைசன் 7000 வரிசை உட்காரும் ஏஎம்5 போர்டில் அதனுடைய பின்தகடே பயன்படும், மேலே உள்ள பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றினால் போதும். செப்புத் தட்டின் பிளாஸ்டிக் உறையை உரிக்கவும். கேட்க வேடிக்கையாக இருக்கும், உரிக்காமல் மாட்டுவது இன்றும் நடக்கிறது. திருகுகளை எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு சுற்று. கூலரோடு வந்த திருகுகளைத் தவிர வேறு எதையும் ரேடியேட்டரில் போடாதீர்கள். சற்று நீளமானது உள்ளே குழாயைத் துளைத்துவிடும். பம்பை மதர்போர்டில் அதற்குரிய ஹெடரில் (ஒயர் சொருகும் ஊசிகள்) கொடுத்து நூறு சதவீதத்தில் வைக்கவும், ஃபேன்களை சிபியு ஃபேன் ஹெடரில். அந்த ஹெடர் காலியாக இருந்தால் பல போர்டுகள் பூட் ஆகாமல் பிழை காட்டி நிற்கும். புராசஸர் ஒரு நொடியில் இருபது டிகிரி தாவும், தண்ணீர் தாவாது. எனவே ஃபேன் வேகம் ஏறச் சில நொடி தாமதம் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிரவுசர் திறந்தாலும் ஃபேன் உறுமும்.

மாதங்கள் கழித்துச் சூடு ஏறினால் கையை வைத்துப் பாருங்கள். ரேடியேட்டரும் சுடுகிறது என்றால் தூசி, அல்லது ஃபேன். புராசஸர் மேல் உட்காரும் பிளாக்கை ஒட்டிய குழாய் சுட்டு, ரேடியேட்டர் சில்லென்று இருந்தால் பம்ப் நின்றிருக்கலாம். ஆண்டுகள் போகப் போக ரப்பர் குழாய் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், சலசலப்பு கூடும். அதைத் திறந்து குழாய்த் தண்ணீர் ஊற்ற நினைக்க வேண்டாம். பெரும்பாலான கூலர்களில் தட்டு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். துருத்தடுப்பான் இல்லாத தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்.