சோப்புக்கட்டியையும் வெட்டிப் பார்த்தார்கள்

1964இல் எனக்குப் பதினொரு வயது. ரங்கூன் மொகல் தெருவில் அப்பாவுக்கு மளிகைக் கடை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1962 மார்ச் 2ஆம் தேதி, பர்மா ராணுவத் தளபதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தபோது அப்பா அலட்டிக்கொள்ளவே இல்லை. 1958இலும் அவர்தானே வந்தார், 1960இல் தேர்தல் வைத்துவிட்டுப் போனார், இதுவும் அப்படித்தான் என்றார். அந்தக் கணக்கு தப்பிவிட்டது.

1964 ஏப்ரலில் கடை அரசாங்கத்துக்குப் போயிற்று. காலையில் நாலு பேர் வந்து புளி மூட்டை முதல் படிக்கல் வரை எழுதிக்கொண்டு சாவியை வாங்கினார்கள். எங்கள் பலகை இறங்கி, 'மக்கள் கடை' என்று ஓர் எண்ணோடு வேறு பலகை ஏறியது. சரி, கையிலிருக்கும் பணத்தை வைத்து ஊர் போய்ச் சேரலாம் என்றால், மே 17இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. அப்பா அரிசிப் பானைக்குள் வைத்திருந்தது எல்லாம் நூறு கியாட். மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே. கொஞ்சம்தான் மாற்றினார். மிச்சம் அடுப்புக்குப் போனது.

அப்புறம் வரிசைகள். வரி பாக்கி இல்லை என்று ஒரு சான்று, அயல்நாட்டார் பதிவு அட்டையை ஒப்படைத்து வெளியேறும் அனுமதி, கப்பல் இடத்துக்கு ஒரு சீட்டு. ஒன்றை வாங்கி முடிப்பதற்குள் முன்னால் வாங்கியதற்குக் கெடு முடிந்துவிடும். மூன்று மாதம் இதே வேலை.

துறைமுகச் சோதனைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. நகை கொண்டுபோக முடியாது என்று தெரிந்து, அம்மா தாலியைப் பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டியிருந்தாள். சோதித்த பெண் அதையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். ஊறுகாய் ஜாடிக்குள் கம்பி விட்டுத் துழாவினார்கள். குளிக்கிற சோப்பை இரண்டாக வெட்டினார்கள். உள்ளே சோப்புதான் இருந்தது. வெட்டின பாதிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கப்பலில் அதைத்தான் தேய்த்துக் குளித்தோம்.

சென்னையில் முகாம், அப்புறம் வியாசர்பாடி. பிற்பாடு அப்பா பர்மா பஜாரில் சட்டை விற்றார். 1987 செப்டம்பரில் நே வின் 25, 35, 75 கியாட் நோட்டுகளையும் செல்லாது என்றார். புதிதாக வந்தவை 45, 90. ஒன்பதால் வகுபட வேண்டுமாம், அவருக்கு அது ராசியான எண். செய்தித்தாளில் அதைப் படித்த அப்பா, “இந்த ஆள் இன்னும் அங்கேதான் இருக்கானா?” என்று கேட்டுவிட்டுச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார்.