தண்ணியத் தூக்கி வை

அக்டோபர் 13, 2024

காலை 5.52. புளியமரத்தடியிலிருந்து இரண்டு விசில். முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். ஆறுமணிக் குருவி வந்துவிட்டது.

கதவைத் திறந்தால் திண்ணையில் அப்பா. ராத்திரி தூங்கவில்லை போல. "எட்டு நிமிசம் முந்திக்கிச்சு" என்றார். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகள் என்று எங்கெங்கோ குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் அவ்வளவு தூரம் பறந்து நம் புளியமரத்துக்கு வந்து சேர்கிற, ஒரு சாண்கூட இல்லாத குருவி. அதனிடம் எட்டு நிமிடத்துக்குக் கணக்குக் கேட்கிறார்.

அக்டோபர் 14

ஹைடுக்குக் குழி வெட்ட ஆரம்பித்தாயிற்று. குருவி தண்ணீருக்கு வரும்போது ஒளிந்திருந்து படம் எடுக்கிற மறைப்பு. சவுக்குக் கம்பு நாலு, பச்சை நிழல்வலை இரண்டு சுற்று, மேலே தென்னங்கீற்று. உள்ளே இரண்டரை அடிக் குழி. எதிரே தொட்டி. கேமராவின் கண் தண்ணீர் மட்டத்துக்கு இறங்கினால்தான் பிம்பம் கிடைக்கும். நின்று பார்த்தால் தொட்டியின் அடிதான் தெரிகிறது. படுத்துப் பார்த்தால் அடி மறைந்து, அக்கரையில் இருக்கிற அத்தனையும் தண்ணீருக்குள் வந்து நிற்கிறது. சாய்ந்து வரும் வெளிச்சத்தைத் தண்ணீர் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது, அவ்வளவுதான் சமாச்சாரம்.

சாயங்காலம் அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அப்புறம் அடுப்படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு: "நோயாளி இருக்கற ஊட்டுல குழி வெட்டுவாங்களா கண்ணு?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

அக்டோபர் 15

செவ்வாய். அப்பாவுக்கு டயாலிசிஸ், நாலு மணி நேரம். எடை 2.4 கிலோ இறங்கியது.

அக்டோபர் 17

ராத்திரி மழை. குழியில் முழங்கால் வரை தண்ணீர், இரண்டு தவளை.

அப்பாவை இன்றைக்கும் கூட்டிப்போய் வந்தாயிற்று. ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே தூங்கினார். வீட்டில் இறங்கும்போது குழியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "நீ எதுக்கு அம்மிணி கீழ போறே? தண்ணியத் தூக்கி வை."

நாலு நாளாக மண்வெட்டி பிடித்த எனக்கு இது தோன்றவில்லை. தொட்டியை மேசை உயரத்துக்கு ஏற்றினால் நான் நாற்காலியில் உட்கார்ந்தே எடுக்கலாம்.

குழியை மூடியாயிற்று. அம்மா அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்தாள்.

அக்டோபர் 20

ஞாயிறு முழுவதும் தொட்டி வேலை. ஹாலோ பிளாக் மேல் பலகை, அதன்மேல் சட்டம், உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. கறுப்புத்தான் வேண்டும். அடி வெளுப்பாக இருந்தால் பிம்பம் கழுவின மாதிரி ஆகிவிடும். ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்று அங்குல ஆழம். தண்ணீர் விளிம்பு வரை நின்றால்தான் படத்தில் இந்தப் பக்கத்துச் சட்டம் தெரியாது. ஒரு மூலை அரை விரற்கடை தாழ்ந்தாலும் அங்கே வழியும், எதிர் மூலையில் சட்டம் பல்லைக் காட்டும். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி ரசமட்டத்தைக் கொண்டுவரச் சொல்லி, எங்கெங்கே ஆப்பு வைக்க வேண்டும் என்று விரலாலேயே சொன்னார். நாலு மூலையும் நின்றது.

பின்பக்கம் தரையிலிருந்து தொட்டி விளிம்பு வரை மண் அணைத்து, சருகு கொட்டி, மேலே ஒரு பாசி பிடித்த கட்டை. ஆறுமணிக் குருவி தரையில் சருகு புரட்டித் தின்கிற ஆள். மேசைக்குப் பறந்து வரும் என்று நம்ப முடியாது. நடந்து ஏறி வரட்டும்.

"இதுல எத்தன லிட்டர் புடிக்கும்?" என்றார். கணக்குப் போட்டேன். நூற்று இருபத்தேழு. அவர் மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு அவருக்கு எழுநூறு மில்லி, மோர், குழம்பு எல்லாம் சேர்த்து.

"எனக்கு ஆறு மாசத்துக்கு வரும்."

அக்டோபர் 22

மெடிக்கலில் டிரிப் செட் ஒன்று வாங்கினேன். "ஊட்டுல யாருக்குங்க?" என்று கேட்டார். குருவிக்குங்க என்றேன். சிரிக்கவில்லை மனிதர்.

அக்டோபர் 25

சொட்டுகிற சத்தம்தான் பறவையைக் கூப்பிடும். தேங்கிய தண்ணீர் கண்ணில் பட்டால்தான் உண்டு, சொட்டு காதுக்கே போய்விடும். கிளையில் பாட்டிலைக் கட்டி டிரிப் செட்டைச் செருகி விட்டதும் அரை மணியில் செம்மீசைச் சின்னான் இரண்டு, பின்னாலேயே ஒரு மாம்பழச்சிட்டு. வந்தன, உட்கார்ந்தன, குனிந்தன. ஆனால் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. சொட்டு விழுந்த இடத்திலிருந்து வளையம் வளையமாக அலை, அதில் சின்னானின் சிவப்பு மீசை நூறு துண்டாக ஆடிக்கொண்டிருக்கிறது. வரவழைக்கிறதும் அதே சொட்டு, கெடுக்கிறதும் அதே சொட்டு.

ஆகவே குழாயை ஹைடுக்குள் இழுத்து, உருளும் சக்கரத்தை என் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பறவை கிளைக்கு வந்ததும் சக்கரத்தை உருட்டி மூடுவது. தண்ணீர் அடங்க ஏழெட்டு வினாடி. அது கிளையிலிருந்து இறங்கி விளிம்புக்கு வந்து, இப்படியும் அப்படியும் பார்த்து, குனிவதற்குள் தொட்டி கண்ணாடியாகிவிடும். அலகு பட்டதும் போயிற்று. அந்த இடைவெளி இரண்டு வினாடி, சில சமயம் அதுகூட இல்லை.

சக்கரத்தை உருட்டும்போதெல்லாம் எனக்கு அந்த டயாலிசிஸ் அறையின் வாசனை வருகிறது.

அக்டோபர் 27

தவிட்டுக்குருவிகள் காட்டிக்கொடுத்துவிட்டன. நான் உள்ளே போவதைப் பார்த்தால் ஏழும் சேர்ந்து கத்தித் தீர்க்கின்றன. தோட்டம் முழுக்கச் செய்தி போய்விடுகிறது.

இதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. இரண்டு பேராகப் போய், ஒருவர் மட்டும் திரும்பி வருவது. பறவைக்கு எண்ணத் தெரியாது என்ற நம்பிக்கை. அம்மாவைக் கூட்டிப்போனேன். என்னை உள்ளே விட்டுவிட்டு, "நான் போறேன், நான் போறேன்" என்று பறவைகளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். பத்து நிமிடத்தில் தவிட்டுக்குருவிகள் குளிக்க வந்தன. ஏழும் வரிசையில்.

ராத்திரி அப்பாவுக்கு கியர்ட்டன் சகோதரர்கள் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தில், நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, செய்து வைத்த காளை மாட்டுக்குள் ஒளிந்துகொண்டு பறவைகளைப் படம் எடுத்தார்கள். அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். "பசு மாடு ஏதாச்சும் பக்கத்துல வந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

அக்டோபர் 31

வியாழனைப் பார்த்துத்தானா தீபாவளி வர வேண்டும். காலை ஏழுக்கே நாலு மணி நேரம். வெளியே வெடி. ஒரு பறவை இல்லை.

நவம்பர் 4

அண்ணன் கூப்பிட்டான். பத்து நிமிடம் வானிலை பேசினான். அப்புறம், "உனக்கு ஓகேதானே?" ஓகேதான் என்றேன். "எனக்கும் வரணும்னுதான். ரெண்டு குழந்தைகளை வெச்சுக்கிட்டு..." என்று இழுத்தான். நானும் வானிலைக்குத் திரும்பினேன்.

அம்மாவுடைய சிறுநீரகம் அப்பாவுக்குச் சேராது என்று முன்பே தெரியும், குரூப்பே வேறு. என்னுடையதற்கு இன்னும் இரண்டு ரிப்போர்ட் வர வேண்டும். அம்மாவுக்கு அது வர வேண்டுமா, வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "நாளைக்கு உனக்கொரு கல்யாணம், குழந்தைன்னு..." என்று ஆரம்பித்து, அப்பா இருமியதும் நிறுத்திக்கொண்டாள். ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஓட்டம்கூட ஓடலாமாம். நான் எந்தக் காலத்தில் ஓடினேன். எனக்கு இருக்கிற கவலை வேறு, அசட்டுத்தனமானது. அப்புறம் எத்தனை மாதத்துக்கு அந்தப் பெரிய லென்ஸைத் தூக்கக்கூடாது என்று டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. மூன்று கிலோ. கேட்காமலே வந்துவிட்டேன். வண்டியில் அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. வழி நெடுக ஜன்னலில் பாக்குத் தோப்பு பார்த்தார்.

அவர் வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சொல்லாததும் ஒரு மாதிரி இருக்கிறது.

நவம்பர் 7

தெரிந்தவர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பனங்காடை, கீழே பளிங்கு மாதிரி பிம்பம். எப்படி இருக்கு என்கிறார். பொய்யாக இருக்கிறது. மேலே இருப்பதை அப்படியே தலைகீழாக ஒட்டியிருக்கிறார்.

பிம்பம் நகல் இல்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பறவை எப்படித் தெரியுமோ அதுதான் பிம்பம். முதுகு குறையும், வயிறு கூடும். தொண்டையின் அடிப்பக்கம், வாலின் உட்பக்கம், மேலே நிற்கிற பறவையில் நமக்குக் காட்டாத இடமெல்லாம் அங்கே இருக்கும். கொஞ்சம் இருட்டாகவும் இருக்கும், தண்ணீர் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் திருப்பித் தரும். இவருடைய படத்தில் தண்ணீருக்குள்ளும் அதே முதுகு, அதே வெளிச்சம்.

நல்லாருக்குங்க என்று பதில் போட்டேன். கோழை.

நவம்பர் 10

என்னுடைய 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பு. கேன் இருக்கும் இடத்தில்தான் நான். ஹைடு கிடையாது. ஐந்தே முக்காலுக்குக் கூப்பிட்டது, படுத்தபடி கேட்டேன்.

நவம்பர் 13

தொட்டி காலி. முன்பக்கம் இரண்டு பிளாக் சரிந்து கிடக்கிறது. சருகு மேட்டின்மேல், முறம் அகலத்துக்கு ஒரு கால்தடம். ஒற்றை யானை. சத்தமே கேட்கவில்லை, பத்து வாழை போனதும் விடிந்துதான் தெரிந்தது. ஹைடைத் தொடவில்லை. இதற்குத்தான் விடிவதற்கு முன் யாரும் வெளியே போகக்கூடாது என்பது. அந்தக் குருவிக்கு மிக நல்ல நேரம் எனக்குக் கிடையாது. வெளிச்சம் வந்த பிறகு, ஆறரைக்குத்தான் உள்ளே போகிறேன்.

அப்பா திண்ணையிலிருந்து: "என்னோட ஆறு மாசத்தையும் ஒரே மூச்சுல குடிச்சுட்டுப் போயிருச்சு."

நவம்பர் 17

மறுபடி மட்டம் பார்த்து நிறுத்தினோம். சாயங்காலம் அரசவால் ஈப்பிடிப்பான், வெள்ளை ஆண். அது விளிம்பில் உட்கார்ந்து குடிக்கிற சாதி இல்லை. கிளையிலிருந்து பொத்தென்று தண்ணீரில் விழுந்து, திரும்பவும் கிளைக்கு. நாலு முறை. வெள்ளை நாடா மாதிரி வால் பின்னால் வருகிறது. ஒரு படமும் உருப்படி இல்லை, சக்கரத்தின் மேலேயே கை இருந்துவிட்டது. செந்தலைப் பூங்குருவி மட்டும் நல்ல பிள்ளையாக நின்று கொடுத்தது. ஆரஞ்சு இரண்டு மடங்காக.

நவம்பர் 18

ஸ்பீக்கரில் கூப்பிட்டுப் பாருங்க, வந்துரும் என்கிறார் அந்தப் பனங்காடைப் படக்காரர். வரும். வேறொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று சண்டைக்கு வரும். பறந்து களைத்து வந்ததை இல்லாத எதிரிக்காக ஓடவிட வேண்டுமா. புழுவும் வைக்க மாட்டேன். தண்ணீர் இருக்கிறது. வேண்டுமானால் வரட்டும்.

நவம்பர் 21

ரிப்போர்ட் இன்றும் இல்லை.

நவம்பர் 24

வந்தது.

7.40. சொட்டு போய்க்கொண்டிருந்தது. சருகு மேட்டில் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது, ஓணான் என்று நினைத்தேன். கட்டைக்குப் பின்னால் முதலில் தலை, நடுவில் கறுப்புக் கோடு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. அப்புறம் இரண்டு தத்தல். முழுதாகக் கட்டைமேல். பச்சை முதுகு, தோளில் அந்த நீலம், சந்தன நிற வயிறு. இத்தனை வண்ணத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் சருகில் காணாமல் போகிறதோ. குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியபடி நின்றது.

சக்கரத்தை மூடினேன். கை நடுங்கியது. ஐஎஸ்ஓ 3200, 1/640, சத்தமில்லாத ஷட்டர். எண்ணினேன். ஐந்து, ஆறு. தொட்டி அடங்குகிறது. தண்ணீருக்குள் இன்னொன்று மெல்லத் துண்டு துண்டாக வந்து ஒட்டியது. மேலே நிற்பதில் வாலடிச் சிவப்பு ஒரு கீற்றுத்தான் தெரிகிறது. தண்ணீரில் நிற்பதில் சிவப்பு முழுதாக, குங்குமம் கொட்டின மாதிரி.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. அதிர்வு நாற்காலியில், நாற்காலியிலிருந்து பலகையில். சொட்டைவிட மெல்லிய அலை. குருவி இல்லை.

மூன்று படம். மூன்றிலும் பிம்பம் உடைந்திருக்கிறது. அழைத்தது கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிற பெண்.

டிசம்பர் 1

புயல் நேற்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியதாம். இங்கே நாள் முழுவதும் மூடின வானம், தூறல். தொட்டி முழுக்க வளையம். அழுகையாக வருகிறது, காரணம் இல்லை.

டிசம்பர் 4

பொருந்துகிறது.

அம்மா சாமி அறையில் ரொம்ப நேரம். அப்பா, "சரி" என்று மட்டும் சொன்னார். அப்புறம் குடித்த டம்ளரைக் கழுவி, துடைத்து, அளவுக்கோடு தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார்.

டிசம்பர் 6

அப்பா தானாகவே கேட்டார். "அந்தக் கொட்டாயில இன்னொரு ஆளு உக்கார முடியுமா?"

அம்மா எங்கள் இருவரையும் கொண்டுபோய் விட்டாள். மூன்று பேர் போய் ஒருவர் திரும்பினால் கணக்கு எப்படி என்று எனக்குக் கவலை. அசையக்கூடாதுங்கப்பா என்றேன். "வாரத்துல மூணு நாளு எனக்கு அதுதான் வேலை. நாலு மணி நேரம். உனக்கென்ன சொல்லித்தரணும்னா என்கிட்டக் கேளு."

வாயில் ஒரு ஐஸ் துண்டு. அதுதான் காலைக்கு அவர் பங்கு. நாங்கள் நூற்று இருபத்தேழு லிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். சக்கரத்தை அவர் கையில் கொடுத்தேன். எப்போது மூட வேண்டும் என்று சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. சின்னானுக்கு மூடினார், பூங்குருவிக்கு மூடினார், தவிட்டுக்குருவிக்கு மூடவே இல்லை.

ஒன்பது மணிக்குக் கட்டைமேல் ஆறுமணிக் குருவி. அப்பா விரல் உருண்டது. தண்ணீர் நின்றது. நான் எடுத்தேன். எத்தனை என்று தெரியாது, இருபதோ முப்பதோ. அது குனிந்து குடித்து, தலையைத் தூக்கி விழுங்கி, மறுபடி குனிந்தது. போனது.

படத்தைப் பெரிதாக்கி அவருக்குக் காட்டினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, அலகின் நுனி இரண்டும் தொடப்போகிற மாதிரி. அவர் அதைச் சரியாகப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"மூணே மூணு வாய்தான் குடிக்குது" என்றார்.

டிசம்பர் 9

நாளை காலை ஆறு மணிக்கு வண்டி. அம்மாவும் வருகிறாள். தொட்டியைப் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சக்கரத்தைக் காட்டிக் கொடுத்தேன், நிமிடத்துக்கு இருபது சொட்டு. "அவ்வளவு சின்னதாவா விடறது, பாவம்" என்று முழுதாகத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். பாட்டில் காலி. இப்போது போய் நிரப்ப முடியாது, இருட்டிவிட்டது.