இணைப்பில் இருப்பவர் பட்டியல்

"பச்சைப் புள்ளி இல்லையென்றால் அந்த மாணவர் படிக்கவில்லை என்றுதானே சார் பொருள்?" என்று, நான் வலைத்தளம் செய்துகொடுத்த பயிற்சி மையத்தின் பொறுப்பாளர், தளத்தில் இணைப்பில் இருப்பவர் பெயருக்கு அருகே பச்சைப் புள்ளி காட்டும் பட்டியலைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று நான் சொன்னது சரியான பதில்தான். இருந்தும் அந்தப் பேச்சு இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

பிரவுசர் சர்வரிடம் பக்கங்களைக் கேட்டுப் பெறும் முறையான எச்டிடிபியில் ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி. பக்கத்தை அனுப்பி முடித்த சர்வருக்கு, அதைத் திறந்தவர் படிக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று தெரிய வழியில்லை. ஆகவே ஒவ்வொருவரின் கடைசிக் கோரிக்கை வந்த நேரத்தை ரெடிஸ் என்ற வேகமான தரவுத்தளத்தில் குறித்துவைத்து, அது ஐந்து நிமிடங்களுக்குள் இருந்தால் இணைப்பில் இருக்கிறார் என்று நாமாகவே முடிவுகட்டுகிறோம். ஐந்து என்பதும் நாம் வைத்த எல்லைதான். தளங்களுக்கு வருபவர்களை எண்ணிக்காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இன் நிகழ்நேர அறிக்கை கடந்த 30 நிமிடங்களைக் கணக்கில் எடுக்கிறது.

பிரவுசரே 30 விநாடிக்கு ஒருமுறை சர்வருக்குத் தகவல் அனுப்பும்படி செய்யலாமே என்றார் அவர். செய்யலாம், பக்கம் திரையில் தெரிகிறதா என்பதைக்கூட பிரவுசரிடம் கேட்டு அறியலாம். ஆனால் கணக்கைப் போனில் ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டில் போட்டுக்கொண்டிருக்கும் மாணவரின் போன் சற்று நேரத்தில் திரையை அணைத்துவிடும், தகவல் போவதும் நின்றுவிடும். அன்று மிகக் கவனமாகப் படித்தவர் அவராகவே இருக்கலாம். பட்டியலிலோ அவர் இருக்கமாட்டார். அதை வருகைப் பதிவேடாக்கி வீட்டுக்குப் போன் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தபின், பெயர்களை எடுத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டினேன்.

பிறகு ஓர் ஆசிரியை சொன்னார்: "மாதிரித் தேர்வில் நடுவிலே நெட் போனவர்களைப் பெயரைப் பார்த்துத்தான் நான் கூப்பிடுவேன்." அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. தேர்வில் ஒவ்வொரு விடையும் சேமிக்கப்படும்போது ஒரு கோரிக்கை வருவதால், அங்கே பட்டியல் உண்மைக்கு மிக அருகில் நிற்கும். எனவே தேர்வுத் திரையில் மட்டும் பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆனால் பாட நேரத்திலும் பின்தங்குபவரைத் தேடிப் பிடிக்கவே பெயர் வேண்டும் என்கிறார் அவர். தவறான பட்டியலால் ஒரு பிள்ளை வீட்டில் திட்டு வாங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதே பட்டியலைப் பார்த்து அவர் அக்கறையோடு விசாரித்திருக்கக்கூடிய பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்பதில் அந்த உறுதி எனக்கு இல்லை.