பாப்பாவின் நோட்டில் இரண்டு தேதிகள்

மகள் 34 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1 கிலோ 900 கிராம். பதினோரு நாள் கழித்து எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அக்கா சொன்னார்: "எத்தனை மணிக்கு எவ்வளவு பால் குடிச்சா, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனா, எல்லாத்தையும் எழுதி வைங்க." போகிற வழியிலேயே ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டோம்.

நேரம், பால், ஒண்ணுக்கு, வெளிக்கு, மருந்து என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த நேரத்துக்கும் ஒரு கட்டம். சாயங்காலம் அந்த முறை என் கணவருடையது. சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தால், தொப்பி போட்ட பாப்பா அவர் மார்பில் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் தூங்குவாள். பேனாவை நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பேனா தேட முடியாது.

அவளுக்குச் சப்பிக் குடிக்கத் தெம்பு இல்லை. பீய்ச்சிய பாலை, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் ஊற்றி, உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 மில்லி. அது உள்ளே போவதற்கே அரை மணி நேரம் ஆகும். பாலாடையைக் கழுவி, கொதிக்க வைத்து எடுத்தால் அடுத்த வேளை வந்து நிற்கும்.

17-ம் நாள் ராத்திரி அவள் அசந்து தூங்கினாள். "பிள்ளை இன்னைக்குத்தான் நல்லாத் தூங்குது" என்று அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். காலையில் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். தினமும் ஏழு, எட்டு என்று இருக்கும் ஒண்ணுக்குக் கட்டத்தில் நாலு கோடுதான். மேலே பார்த்தால், 11.10-க்கு அப்புறம் 3.30 வரை பாலே இல்லை. நான் கொடுத்திருப்பேன் என்று அம்மாவும், அம்மா கொடுத்திருப்பார் என்று நானும் கண் அசந்திருக்கிறோம். அழாததால் இருவருக்கும் உறைக்கவில்லை.

உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, நோட்டை வாங்கி நிதானமாகப் புரட்டினார். "குறைமாசக் குழந்தை பசிச்சா அழும்னு காத்திருக்கக் கூடாதும்மா. எழுப்பித்தான் கொடுக்கணும்" என்றார். போர்வையை விலக்கி, உள்ளங்காலை மெதுவாகத் தேய்த்து எழுப்பக் காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து மொபைலில் அலாரம் வைத்தோம். கொடுத்தவர் பெயரின் முதல் எழுத்தையும் பக்கத்தில் போட ஆரம்பித்தோம். அந்த நோட்டு இல்லாவிட்டால் இன்னொரு ராத்திரியும் "நல்லாத் தூங்குது" என்றே இருந்திருப்போம். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மருந்துக் கட்டமும் கைகொடுத்தது. இரும்புச்சத்துச் சொட்டு தொடங்கிய மூன்றாம் நாள் மலம் கருப்பாகப் போனதும் அம்மா பதறிப்போனார். பக்கத்தைத் திருப்பி, மருந்து ஆரம்பித்த தேதியை டாக்டரிடம் போனில் சொன்னேன். அந்த மருந்தால்தான் நிறம் மாறும், பயம் வேண்டாம் என்றார்.

முதல் பக்கத்தில் டாக்டர் அவர் கையாலேயே இரண்டு தேதி எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்று பிறந்த தேதி, மற்றொன்று பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதி. தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு: 6, 10, 14 வாரம், மற்ற குழந்தைகளுக்குப் போலவே. சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது இதெல்லாம் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இரண்டு தேதிப்படியும் வயதை எழுதினேன்.

அது எனக்கு எவ்வளவு பெரிய பலம் என்று மூன்றாம் மாதத்தில்தான் தெரிந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "மூணு மாசம் ஆகப்போகுது, இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கலையா?" என்பார்கள். அவர்கள் போனதும் நோட்டைத் திறந்து தலைப்பைப் பார்ப்பேன். குறித்த தேதிப்படி இன்றைக்கு ஐந்து வாரம். ஆறு, எட்டு வாரத்தில்தானே சிரிக்க ஆரம்பிக்கும்? சரி, நேரம் இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேளைப் பாலை எடுப்பேன்.

அம்மா ஐந்தாவதுவரை படித்தவர். முதலில் கோடு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார், அப்புறம் ஓரத்தில் ஒரு வரி எழுதலானார். "தும்மினா." "கொசு கடிச்சிருக்கு, இடது கன்னம்." "மழை. குளிக்க ஊத்தல." பேச்சு எப்படியோ எழுத்தும் அப்படியே. தூக்கத்தில் சிரிப்பதுபோல் வாய் கோணும்போதெல்லாம் "நரி விரட்டுது" என்று எழுதிவிடுவார்.

88-ம் நாள் விடிகாலை 5.20 வேளை அம்மாவுடையது. நான் எழுந்தபோது ஏழு மணி. நோட்டைப் பார்த்தேன். பால் 60, ஒண்ணுக்கு ஒரு கோடு. ஓரத்தில் பெரிய எழுத்தில், "நரி விரட்டல. முழிச்சிருந்தா. என்னப் பாத்துச் சிரிச்சா. ரெண்டு தரம்."

அம்மா அடுப்படியில் இருந்தார். நான் நோட்டோடு பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கண் விழிக்கக் காத்திருந்தேன்.