முதல் பில்லுக்குப் பணம் கொடுப்பது யார்?

தொழில்நுட்பப் புத்தொழில் நிறுவனங்களை வட்டார அளவில் எப்படி வளர்ப்பது என்பதைப் பற்றிய ஆலோசனைக் கூட்டம் ஒன்றில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். கூட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் திரையில் ஒரு கட்டடத்தின் வரைபடம் வந்துவிட்டது. கண்ணாடி முகப்பு, விசாலமான வரவேற்பறை, வரிசை வரிசையாக மேசைகள், மேல்தளத்தில் ஓர் அரங்கம். மீதமிருந்த ஒன்றரை மணி நேரமும் பேச்சு அதைச் சுற்றியே போனது. வாகன நிறுத்தத்துக்கு மட்டும் இருபது நிமிடம். அந்த மேசைகளில் உட்காரப்போகிறவர்கள் உருவாக்கும் பொருளை இந்த வட்டாரத்தில் யார் வாங்குவார்கள் என்று நான் கேட்டேன். அதெல்லாம் இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

கட்டடம் கூடாது என்பது என் வாதமல்ல. புதிய நிறுவனங்களுக்கு இடமும் உதவியும் கொடுத்து வளர்த்துவிடும் அமைப்பை இன்குபேட்டர், அதாவது அடைகாக்கும் கருவி, என்கிறார்கள். அந்தப் பெயர் தொழில் உலகுக்குள் வந்ததே ஒரு கட்டடத்தின் வழியாகத்தான். நியூயார்க் மாநிலத்தின் படேவியா என்ற சிற்றூரில் அறுவடை இயந்திரம் செய்துவந்த பெரிய ஆலை 1950களின் இறுதியில் மூடப்பட்டது. ஏறத்தாழ எட்டரை லட்சம் சதுர அடிக் கட்டடம் வெறுமையாக நின்றது. அதை வாங்கிய மன்குசோ குடும்பத்துக்கு அத்தனை பெரிய இடத்தை எடுத்துக்கொள்ள ஒரே குத்தகைக்காரர் கிடைக்கவில்லை. குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் மன்குசோ 1959இல் இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறு தொழில் செய்பவர்களுக்கு விட்டார். தொடக்கத்தில் வந்தவர்களில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்தியவர். அந்தக் குஞ்சுகளைப் பார்த்துத்தான், நாமும் இங்கே தொழில்களை அடைகாக்கிறோம் என்று மன்குசோ வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினார், பெயர் நிலைத்துவிட்டது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் கோழியோடு நிறுத்திவிடுகிறார்கள். மன்குசோ குத்தகைக்காரர்களுக்குக் கடன் திரட்டிக் கொடுக்க உதவினார், வியாபார யோசனை சொன்னார், அலுவலக வேலைகளைப் பொதுவில் செய்துகொள்ள வழி செய்தார். அந்த ஆளை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் நகலெடுக்கிறவர்களுக்கு வாடகை வேண்டுமானால் வரலாம், தொழில் வளர்ந்துவிடாது.

புதிய நிறுவனத்துக்கு எல்லாவற்றிலும் அரிதாகக் கிடைப்பது முதல் வாடிக்கையாளர் என்பது பல ஆண்டுகளாக இத்தகைய நிறுவனங்களின் கணக்குகளைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. முதலீடு அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. சிலிக்கன் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும்போது துணிச்சலான முதலீட்டாளர்களையும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் எல்லாரும் சொல்கிறார்கள்; வாங்கியவர்களைச் சொல்வோர் குறைவு. மின்னணுக் கருவிகளின் அடிப்படை உறுப்பான டிரான்சிஸ்டரைச் செய்யும் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தை அந்தப் பள்ளத்தாக்கில் எட்டுப் பேர் சேர்ந்து 1957இல் தொடங்கினார்கள். மறு ஆண்டு அதற்குக் கிடைத்த முதல் ஆர்டர் கணினி நிறுவனமான ஐபிஎம் கொடுத்தது: நூறு டிரான்சிஸ்டர்கள், ஒன்றுக்கு 150 டாலர் வீதம். ஓர் இராணுவ விமானத்துக்கான கணினியில் பொருத்துவதற்காக அவை வாங்கப்பட்டன. அந்த விலையில் கடைத்தெருவில் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அதன்பின் பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கிய ஐ.சி. என்னும் ஒருங்கிணைந்த மின்சுற்று வந்தபோதும், 1960களின் தொடக்கத்தில் அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினிக்கும் மினிட்மேன் ஏவுகணைக்கும் அமெரிக்க அரசு வாங்கிய எண்ணிக்கைதான் உற்பத்தியை ஓடவைத்தது. உற்பத்தி ஓடியதால் விலை இறங்கியது, விலை இறங்கியதால் பொதுச் சந்தை திறந்தது. மானியமாக அதே தொகையைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது; ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்துத் திருப்பியனுப்பியபோது கற்றுக்கொண்டதை எந்த மானியமும் கற்றுக்கொடுத்திருக்காது என்பது என் எண்ணம்.

எனக்குத் தெரிந்த இருவர் குடிநீர்க் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். கைக்கு அடக்கமான பெட்டி, அடிப்பகுதியில் காந்தம். வால்வின் மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில், குழாயில் எழும் ஒலியைப் பதிவு செய்யும். தண்ணீர் எங்கும் கசியாவிட்டால் ஒலி விட்டு விட்டுத்தான் வரும். கசிந்தால் மெல்லிய இரைச்சல் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு குடிநீர் அலுவலகம் ஆர்வம் காட்டியது. ஆறு மாதம் இலவசமாக வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். இருவரும் நாற்பது பெட்டிகளைத் தங்கள் செலவிலேயே பொருத்தினார்கள். கசிவுகள் அகப்பட்டன, தோண்டிப் பார்த்து அடைத்தார்கள், பொறியாளர் மகிழ்ந்து ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார். அடுத்து வாங்குவதற்கு டெண்டர் விட வேண்டும். டெண்டரில் கலந்துகொள்ள மூன்று ஆண்டு விற்றுமுதல் காட்ட வேண்டும், இதே வேலையை இதற்கு முன் இரண்டு இடங்களில் செய்து முடித்ததற்குச் சான்று வேண்டும், வங்கி உத்தரவாதமும் வேண்டும். நிறுவனத்தின் வயது பதினான்கு மாதம். கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று அவர்களில் இளையவர் என்னிடம் சொன்னபோது சிரித்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. வேறொரு வட்டாரத்தில் ஒரு தனியார் குடியிருப்பு நிறுவனம் பணம் கொடுத்து வாங்க முன்வந்தது. அலுவலகத்தை அங்கேயே மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டிகள் இன்னும் இங்கே வால்வுகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும்.

இதில் யாரையும் அயோக்கியர் என்று சொல்ல முடியாது. அந்த விதிகள் அனுபவமில்லாத ஒப்பந்தக்காரர் பொதுப்பணத்தை வீணடிக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டவை, அந்த நோக்கத்துக்கு அவை தேவையும்கூட. ஆனால் முன்னனுபவம் இருந்தால்தான் ஆர்டர், ஆர்டர் இருந்தால்தான் முன்னனுபவம் என்ற வட்டத்துக்குள் புதியவர் எந்த இடத்தில் நுழைவது? சிறிய தொகைக்கு, குறித்த காலத்துக்கு, விற்றுமுதல் நிபந்தனையைத் தளர்த்தி, பணம் கொடுத்தே பரிசோதிக்கும் தனி வழி ஒன்று வேண்டும். அமெரிக்காவில் 1982இல் வந்த சிறுதொழில் புத்தாக்கச் சட்டம் ஏறக்குறைய இதைத்தான் செய்தது: வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணி கொடுக்கும் பெரிய அரசுத் துறைகள் அந்த நிதியில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியே தீர வேண்டும் என்றது. முதலில் சிறு தொகை, அது தேறினால் பெரிய தொகை என்று படிப்படியாக. ஒரு வட்டார நிர்வாகம் இதற்காகப் புதுச் சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை. மருத்துவமனை, குடிநீர், போக்குவரத்து, கல்வி என்று ஏற்கெனவே பணம் செலவழித்துக்கொண்டிருக்கும் இடங்களில் ஒரு சிறு பங்கை இப்படித் திருப்பினாலே போதும்.

ஆர்டர் கொடுத்தபின் பணம் கொடுப்பது தனி அத்தியாயம். பெரிய நிறுவனத்துக்கு நான்கு மாதத் தாமதம் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது நான்கு மாதச் சம்பளம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை அரசு அலுவலகங்கள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் வாங்குபவருக்கு அதிகபட்சம் 45 நாள் தருகிறது. சட்டப்படி வட்டி கேட்க உரிமை உண்டு. ஆனால் இருக்கும் ஒரே வாடிக்கையாளரிடம் வட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பிய தொழில்முனைவோர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

முதலீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கூட்டத்தில் நிதியம் அமைப்பதும் பேசப்பட்டது. இங்கே இஸ்ரேலின் அனுபவம் எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது, அதுவும் அவர்களது தோல்வியையும் சேர்த்துப் பார்க்கும்போது. 1992இல் இன்பால் என்ற திட்டத்தில், புதிய நிறுவனங்களில் துணிந்து பணம் போடும், பங்குச் சந்தையில் பதிந்த துணிகர முதலீட்டு நிதியங்களுக்கு நட்டம் வந்தால் மூலதனத்தில் 70 சதவீதம் வரை அரசு ஈடுகட்டும் என்றார்கள். நட்டத்துக்குக் காப்பு இருந்ததால் நல்ல நிறுவனத்தைத் தேடிப் பிடிக்கும் முனைப்பு யாருக்கும் வரவில்லை, திட்டம் தேறவில்லை. மறு ஆண்டு வந்த யோஸ்மா திட்டம் அதைத் தலைகீழாக்கியது. 10 கோடி டாலர் அரசுப் பணத்தில் பெரும்பகுதியைப் பத்துத் தனியார் நிதியங்களில் சிறுபான்மைப் பங்காகப் போட்டார்கள். ஒவ்வொரு நிதியத்திலும் அனுபவமுள்ள வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்றும் உள்நாட்டு நிதி நிறுவனம் ஒன்றும் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் அரசின் பங்கை, போட்ட விலையோடு வட்டியும் சேர்த்துக் கொடுத்துத் தனியார் வாங்கிக்கொள்ளலாம். நட்டத்தில் அரசு கைகொடுக்காது, இலாபத்தில் குறுக்கே நிற்காது. பத்தில் எட்டு நிதியங்கள் அரசின் பங்கை வாங்கிக்கொண்டன. அரசும் நாகரிகமாக வெளியேறியது. வெளியேறும் தேதியை முதல் நாளே எழுதிவைத்த அரசுத் திட்டம் வேறெதுவும் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

சிலி நாடு 2010இல் தொடங்கிய திட்டம் வேறு வகை. உலகெங்கிலிருந்தும் தொழில்முனைவோரை அழைத்து, பங்கு எதுவும் கேட்காமல் 40,000 டாலரும் விசாவும் கொடுத்தது. பலர் உதவிக்காலம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். அதை ஆராய்ந்தவர்கள் கண்டது எனக்கு இன்னும் முக்கியமாகப்படுகிறது: பணமும் மேசையும் மட்டும் பெற்ற நிறுவனங்கள் அதனால் கூடுதலாக வளர்ந்ததற்குச் சான்று இல்லை, அவற்றோடு முறையான பயிற்சியும், சொன்னதைச் செய்தாயா என்று கேட்கும் வழிகாட்டிகளும் கிடைத்தவை வளர்ந்தன.

ஆட்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர் போட்டி நிறுவனம் தொடங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், சிலிக்கன் பள்ளத்தாக்கு இருக்கும் கலிஃபோர்னியாவில் 1872 முதலே செல்லாது. பாஸ்டனைச் சுற்றியிருந்த கணினி நிறுவனங்களின் மாநிலமான மாசசூசெட்ஸில் அது செல்லும். எழுபதுகளில் இரண்டு வட்டாரங்களும் சமமாகத்தான் தோன்றின. தொண்ணூறுகளில் அப்படித் தோன்றவில்லை. அதற்குக் காரணங்கள் பல உண்டு, இது ஒன்றே என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் சிறந்த பொறியாளர் விலகிப் போய்த் தொழில் தொடங்குவதை வட்டாரத்தின் பெரிய நிறுவனம் துரோகமாகப் பார்க்கிறதா, நாளைய விற்பனையாளராகப் பார்க்கிறதா என்பதைக் கேட்டாலே அந்த வட்டாரத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடுகிறது.

கூட்டத்தின் முடிவில் நான் ஒரே ஒரு பக்கம் கேட்டேன். வட்டாரத்தில் அதிகம் வாங்கும் இருபது அலுவலகங்களும் நிறுவனங்களும் தங்களுக்குத் தீராமல் இருக்கும் சிக்கல்களை எழுதித் தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேராக, தீர்வைப் பரிசோதிக்க எவ்வளவு செலவழிக்கலாம், அதற்குக் கையொப்பமிடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற இரண்டு கட்டங்கள். கட்டடத்துக்கு முன் இதைச் செய்து பார்க்கலாமே என்றேன். ஒப்புக்கொண்டார்கள், மரியாதைக்காகவும் இருக்கலாம். நேற்று வரை ஓர் அலுவலகத்திலிருந்து மட்டும் பதில் வந்திருக்கிறது. ஒன்பது சிக்கல்களை நல்ல விவரமாக, படங்களோடு எழுதியிருக்கிறார்கள். தொகைக் கட்டமும் நிரப்பப்பட்டிருக்கிறது. கையொப்பமிடுபவர் யார் என்ற கட்டம் ஒன்பது வரியிலும் காலியாக இருக்கிறது. திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கப்போகிறேன்.