ஜும்ஆ வாசலில் கிடைத்த துண்டுப்பிரசுரம்

நான் லண்டனுக்கு வந்தது 2018 செப்டம்பரில். ஈஸ்ட்ஹாமில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்கார அக்கா மட்டக்களப்புக் கல்லடி, தமிழ் ஊர். நான் காத்தான்குடி, முஸ்லிம் ஊர். ஊரில் என்றால் பஸ்ஸில் பத்து நிமிஷம். ஊரில் இருந்த காலம் முழுக்க ஒரு கல்லடி வீட்டிலும் நான் கைகழுவிச் சாப்பிட்டதில்லை, இங்கே வந்துதான் அக்காவின் மீன் குழம்பும் "என்ன மனே, மெலிஞ்சு போயிட்டாய்" என்ற பேச்சும் வாய்த்தது.

2019 ஏப்ரல் 21. ஈஸ்டர் ஞாயிறு. இங்கே விடியுமுன்னே போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. இலங்கையில் தற்கொலைக் குண்டுகள்: கொழும்பு, நீர்கொழும்பு, அப்புறம் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். அது அக்காவின் அயலவர்கள் போகிற சபை, செத்தவர்களில் சின்னப் பிள்ளைகள் பலர். நாடு முழுக்க 250க்கு மேற்பட்டவர்கள். குண்டு வைத்தவர்களின் தலைவன் சஹ்ரான் எங்கள் ஊர்க்காரன் என்று தெரிந்தபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. மூன்று நாள் அக்கா பேசவில்லை. நான்காம் நாள் வழமைபோலச் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டா, "தம்பி, உங்கட மார்க்கம் இதைச் சொல்லுதா?"

அந்த இரவு எனக்குச் சொல்லத் தெரிந்தது ஊரில் நடந்தது மட்டும்தான். சஹ்ரானின் ஆட்கள் முதலில் அடித்தது எங்களைத்தான். உம்மும்மா வீட்டில் நபி புகழ் பாடும் மௌலூது ஓதி, நேர்ச்சைக் கந்தூரிச் சோறு கிண்டிப் பங்குவைத்த காலம் எனக்குத் தெரியும். அதையெல்லாம் ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணைவைப்பது என்றவன், 2017 மார்ச்சில் இவற்றைக் கடைப்பிடிக்கும் ஊர் சூபிகளோடு வாள் கத்தியோடு மோதிவிட்டுத்தான் தலைமறைவானான். ஊரவர்கள் அவனைப் பற்றி முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். இப்படியான வழக்கங்கள் கூடாது என்கிற தவ்ஹீத்காரர் எல்லாரையும் நான் இதில் சேர்க்கவில்லை. தாடி வைப்பதும் அபாயா போடுவதும் கந்தூரி வேண்டாம் என்பதும் அவரவர் மார்க்க விளக்கம், அதை வாதாடிக்கொள்ளலாம்.

மார்க்கத்துக்கும் அதன் பேரில் நடக்கும் அரசியலுக்கும் வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு அந்த வருஷக் கடைசியில்தான் கண்முன்னே வந்தது. இலங்கைக்காரர் கொமன்வெல்த் பிரஜைகள் என்பதால் விசாவில் இருக்கும்போதே இங்கே வாக்களிக்கலாம். அது தெரிந்து பதிந்துகொண்டேன், கடிதமும் வந்தது, அவ்வளவு சந்தோஷம். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சப்பாத்தைத் தேடும்போது ஒரு பெடியன் பளபளப்பான தாளொன்றைக் கையில் திணித்தான். மனிதர் செய்த சட்டத்துக்கு வாக்களிப்பது ஹராம், கிலாபத், அதாவது கலீபாவின் ஆட்சி வரும்வரை இந்த நாட்டு அரசியலில் கைவைக்காதே என்று இருந்தது. தொழுகையைப் பற்றியோ, ஸகாத்தைப் பற்றியோ, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

நான் அறிந்த மார்க்கம் கலிமா, தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ். இந்தத் தாள் பேசியது அரசைப் பற்றி. அதற்கு வயது நூறு வருஷம்தான். துருக்கியில் 1924இல் கிலாபத் ஒழிந்தது, 1928இல் எகிப்தின் இஸ்மாயிலியாவில் ஹசன் அல்பன்னா இஹ்வான்களை, அதாவது முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைத் தொடங்கினார், 1941இல் லாகூரில் மௌதூதி ஜமாஅத்தே இஸ்லாமியை. ஆட்சியும் சட்டமும் இஸ்லாத்தின் பேரில் நடக்கவேண்டும் என்ற அந்த அரசியல்தான் இஸ்லாமியவாதம். அதே காலத்தில், 1925இல், அல் அஸ்ஹரில் படித்த அலி அப்துர் ராஸிக் என்ற காழி (நீதிபதி), கிலாபத் மார்க்கத்தின் பகுதியே இல்லை என்று புத்தகம் எழுதிப் பட்டத்தை இழந்தார். ஆகவே இந்தச் சண்டை மேற்கத்தையர் கண்டுபிடித்தது என்று யாரும் சொல்லவேண்டாம். இஸ்லாமியவாதிகள் எல்லாரும் குண்டு வைப்பவர்களும் இல்லை, துனிசியாவின் அந்நஹ்தா கட்சி 2016இல் அரசியலையும் மார்க்கப் பிரசாரத்தையும் பிரித்துக்கொண்டது. முஸ்லிம்கள் கட்சி வைத்தாலே இஸ்லாமியவாதம் என்பதும் பிழை. 1981இல் எங்கள் ஊரில் உருவான முஸ்லிம் காங்கிரஸ் கட்சி கேட்டது காணி, கரையோர நிர்வாக மாவட்டம் போன்றவற்றை.

அக்கா கேட்ட அந்த இரவு இந்த வரலாறு ஒன்றும் நான் சொல்லவில்லை. வாப்பாவைப் பற்றிச் சொன்னேன். 1990 ஆகஸ்ட் 3 இரவு, இஷா தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டார்கள், நூறுக்கு மேலே ஜனாஸா. மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் துளைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. வாப்பாவின் காக்கா, அவரது அண்ணன், அங்கேதான் மௌத்தானார். அந்த மாதத்தில் தமிழ்க் கிராமங்களிலும் ரத்தம் ஓடியது, அதில் எங்கள் ஆட்களின் கையும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொன்னேன். சில வருஷம் போனபிறகு வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதிக்குப் போனார், பழைய கூட்டாளி கந்தையாவைப் பார்க்க. உம்மா அழுதா. "சுட்டது இயக்கம், கந்தையா இல்லை" என்றார் வாப்பா.

அக்கா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய்க் குழம்பைச் சூடாக்கினா.

டிசம்பர் 12, தேர்தல் நாள். மழை. ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி, நூலில் கட்டிய பென்சிலால் புள்ளடி போட்டேன். நாலு மணிக்கு முன்னமே மஃரிப், சூரியன் மறையும் நேரத் தொழுகை, வந்துவிட்டது, பள்ளிவாசலுக்கு ஓடினேன். தொழுகை வரிசையில் பக்கத்தில் தோள் உரசி நின்றது அந்தத் தாள் தந்த பெடியன். தொழுது முடிந்ததும் "போட்டீர்களா?" என்று கேட்டான். போட்டேன் என்றேன். முகம் வாடினாலும் ஸலாம் சொல்லித்தான் போனான்.